20 லட்சம் மாடுகள், ஒரு இறைச்சி ஆலை: லிவிங்ஸ்டன் நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் மக்கள்தொகை இரண்டரை லட்சம். மாடுகள் சுமார் 20 லட்சம். ஆளுக்கு எட்டு மாடு இருக்கும் இடத்தில் இறைச்சி ஆலை கட்டினால் மாட்டுக்குப் பஞ்சம் வராது என்றுதான் யாருக்கும் தோன்றும். டார்வின் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை ஒட்டிய லிவிங்ஸ்டனில், 2014-ன் பிற்பகுதியில் அப்படி ஒரு ஆலை திறக்கப்பட்டது. கட்டியது ஆஸ்திரேலியன் அக்ரிகல்சுரல் கம்பெனி, சுருக்கமாக ஏஏகோ. 1824-ல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் நிறுவனம். ஆலைக்கு ஆன செலவு சுமார் 9 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2018 மே மாதம், லாபகரமாக நடத்த முடியவில்லை என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள். நான்கு ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை.

ஒரு வட்டாரத்துக்குப் புதிதாக இறைச்சி ஆலை வருகிறது என்றால் கட்டடத்துக்கும் குளிர்பதனத்துக்கும் ஏற்றுமதி உரிமத்துக்கும் நிபுணர்கள் கிடைத்துவிடுகிறார்கள். "மாடு எவ்வளவு வரும்?" என்ற கேள்விக்கு மட்டும் கால்நடைக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு எண்ணை எடுத்து வைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவது வழக்கமாக இருக்கிறது. லிவிங்ஸ்டனை நான் எடுத்துக்கொண்டது அதனால்தான். மின்சாரம், கூலி, தூரம் என்று அங்கே பல சுமைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மேய்ச்சலில் நிற்கும் மாட்டுக்கும் ஆலை வாசலில் வந்து இறங்கும் மாட்டுக்கும் நடுவில் எத்தனை வடிகட்டிகள் இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆலை வேண்டும் என்று தோன்றிய காலம்

வட ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர்களின் பிழைப்பு இந்தோனேசியாவை நம்பியது. இளம் மாடுகளை டார்வினில் கப்பலேற்றுவார்கள். இந்தோனேசியாவில் சில மாதம் தீவனம் போட்டுக் கொழுக்கவைத்து அறுப்பார்கள். 2009-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தோனேசியாவுக்கு ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் உயிரோடு போயின. அடுத்த ஆண்டே இந்தோனேசியா, 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள மாடு வேண்டாம் என்ற விதியைக் கறாராக்கியது. 2011 மே கடைசியில் இந்தோனேசிய அறுப்புக்கூடங்களில் மாடுகள் படும் கொடுமையை ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி காட்டியது. ஜூன் மாதம் ஆஸ்திரேலிய அரசு இந்தோனேசியாவுக்கான ஏற்றுமதியையே நிறுத்தியது. தடை ஒரு மாதம்தான் இருந்தது. ஆனால் கப்பலுக்கென்று திரட்டிய மாடுகள் பட்டியிலேயே நின்றன, 350 கிலோவைத் தாண்டின, யாருக்கும் வேண்டாத மாடுகளாயின. அதன்மேல் இந்தோனேசியா தன் பங்குக்கு இறக்குமதி அளவைக் குறைத்தது. 2012-ல் அங்கே போனவை 3 லட்சத்துக்கும் குறைவு.

அந்த நிலையில் ஒரு பண்ணைக்காரர் என்ன சொல்வார்? "பக்கத்தில் ஒரு ஆலை இருந்தால் எத்தனை மாடு வேண்டுமானாலும் தருகிறேன்" என்பார். மனதாரச் சொன்ன வார்த்தைதான் அது. கிழட்டுப் பசுவை விற்க வேண்டுமானால் குவீன்ஸ்லாந்து ஆலைக்கு லாரியில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் அனுப்ப வேண்டும். லாரி வாடகையும் வழியில் கரையும் எடையும் போக மிஞ்சுவது சொற்பம். அருகில் ஆலை வந்தால் அந்தச் செலவு மிச்சம். ஏஏகோவின் திட்டத்துக்கு அடிப்படையும் இதுதான். கப்பலுக்கு ஆகாத பசுக்களையும் காளைகளையும் வாங்கி, ஹாம்பர்கருக்கு அரைக்கும் கொழுப்புக் குறைந்த கறியாக்கி, முக்கியமாக அமெரிக்கா போன்ற சந்தைகளுக்கு விற்பது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பிறந்த காலத்தைத்தான் நான் உற்றுப் பார்க்கச் சொல்கிறேன். வாங்க ஆளில்லாத இரண்டு மூன்று ஆண்டுகளில் எடுத்த மதிப்பீடு, வாங்க ஆள் வந்த பிறகு நிற்காது. வேறு வழியில்லாதவர் சொல்லும் சம்மதத்தை வரத்து என்று எழுதிக்கொள்ள முடியாது.

அடிமாடு எத்தனை?

இப்போது 20 லட்சத்தை வடிகட்டிப் பார்ப்போம். கீழே வருவது விளக்கத்துக்காக நான் போடும் தோராயக் கணக்கு, அளந்தெடுத்த எண்கள் அல்ல.

ஆயிரம் மாடுள்ள ஒரு வடபுலப் பண்ணையில் பாதி, அதாவது 500, ஈனும் பசுக்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மேய்ச்சலில் பாஸ்பரஸ் சத்துக் குறைவு, மழையில்லாக் காலம் நீளம், ஈன்ற பசு மறுபடி சினைபிடிக்க நாளாகும். நூறு பசுவுக்கு 60 கன்று தாய்ப்பால் மறக்கும் வயதுவரை பிழைத்தால் 300 கன்றுகள். ஆண்டுக்கு 40 சாவு போனால் 260. மந்தை ஏறாமல் இறங்காமல் அப்படியே இருக்கவேண்டுமென்றால் ஓராண்டில் வெளியே அனுப்பக்கூடியது இந்த 260 மட்டும்தான். ஆயிரத்தில் நான்கில் ஒரு பங்கு.

இந்த 260-லும் ஏறத்தாழ பாதி ஆண். இளம் வயதில் கப்பலுக்கு நல்ல விலைக்குப் போகிறவை அவைதான், ஆலை அவற்றைத் தொடக்கூட முடியாது. மீதிப் பாதியில் ஒரு பங்கு உபரிக் கிடாரிகள், அவற்றையும் கப்பல்காரர் எடுப்பார், அல்லது மந்தை பெருக்க நினைக்கும் வேறொரு பண்ணைக்காரர் எடுப்பார். கடைசியில் ஆலைக்கென்று நிற்பவை வயதான பசுக்களும் ஓய்ந்த காளைகளும்தான். என் கணக்கில் அது 70 என்று வருகிறது. ஆயிரத்துக்கு எழுபது.

அதே விகிதத்தில் 20 லட்சத்துக்கு 1,40,000 அடிமாடுகள். இதில் கிழக்கே பார்க்லி பீடபூமி மாடுகள் பெரும்பாலும் குவீன்ஸ்லாந்து பக்கம் இறங்குகின்றன. மேய்ச்சல் அங்கே, ரோடு அங்கே, பழக்கப்பட்ட ஆலைகளும் அங்கே. தெற்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டார மாடுகள் தென் ஆஸ்திரேலியா நோக்கிப் போகும். டார்வின் அவற்றுக்கு எதிர்த் திசை. இவற்றைக் கழித்தால் பாதியாவது போகும், மிஞ்சுவது 70,000. ஒரு நாளைக்கு 500 மாடு அறுக்கும் ஆலை ஆண்டில் 240 நாள் ஓட 1,20,000 வேண்டும். வட்டாரத்திலுள்ள எல்லாப் பண்ணைக்காரரும் ஒருவர் விடாமல் இந்த ஆலைக்கே விற்றாலும் ஏறத்தாழ ஐந்து மாத வேலைக்கு மாடு இல்லை.

என் எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம். கன்று விகிதத்தை 70 ஆக்கலாம், திசை மாறும் மாடுகளைக் குறைக்கலாம். எப்படி மாற்றினாலும் 20 லட்சம் என்ற எண் ஆலை வாசலில் பத்தில் ஒரு பங்காகக்கூட வந்து சேராது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பல ஆண்டுகளாக விற்க வழியில்லாமல் நின்ற கிழட்டுப் பசுக்கள் பண்ணைகளில் தேங்கியிருக்கும். ஆலை திறந்ததும் அவை வரிசைகட்டி வரும். முதல் ஆண்டு வரத்தைப் பார்த்து "நாம் நினைத்தது சரிதான்" என்று சொல்லிவிடத் தோன்றும். அது தேங்கிக் கிடந்த இருப்பு வடிவது. வடிந்து முடிந்த பிறகு வருவதுதான் ஆண்டு வரத்து. மதிப்பீட்டில் இந்த இரண்டையும் தனித்தனி வரியில் எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஆலை மூச்சுத்திணறும்.

மாதம் மாதமாகப் பார்த்தால்

டார்வினில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை. கிட்டத்தட்ட எல்லாமே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் மண்சாலைகள் மூடப்படும். மூன்று பெட்டி கோத்த பெரிய லாரிகளை அவர்கள் ரோடு ட்ரெயின் என்பார்கள், அவை பண்ணை வாசலுக்கே போக முடியாது. ஹெலிகாப்டரை வைத்து மாடுகளைத் திரட்டும் வேலை மழை விட்டபின் ஒருமுறையும், அடுத்த மழைக்கு முன் இன்னொரு முறையும் நடக்கும். விற்க வேண்டிய மாடு பண்ணைக்காரர் கைக்கு வருவதே இந்த இரு தடவைகளில்தான்.

ஆக, ஆண்டு வரத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாத வரத்து என்று எழுத முடியாது. ஜூனில் நிற்க இடமில்லாமல் மாடு குவியும், ஜனவரியில் நெடுஞ்சாலை ஓரப் பண்ணைகளையும் டார்வினை அடுத்த ஆற்றுச் சமவெளிகளில் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்திய மாடுகளையும் நம்ப வேண்டும். அந்தக் கொஞ்ச மாடுகளுக்கும் மழைக்காலத்தில் கப்பல் நிரப்பத் தவிக்கும் ஏற்றுமதிக்காரர் கூடுதல் விலை கொடுப்பார். ஆலை நடத்துகிறவர் அந்த விலையைக் கொடுத்தால் நட்டம். கொடுக்காவிட்டால் அறுப்புக்காரரும் எலும்பு நீக்குகிறவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கத்தி பிடிக்கத் தெரிந்த ஆட்களை நான்கு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் அத்தனை பேரும் வரமாட்டார்கள், குறிப்பாக டார்வின் போன்ற ஊரில்.

எடையும் மாதத்துக்கு மாதம் மாறும். மழை முடிந்த புல்லைத் தின்ற பசு மே மாதத்தில் சதைப்பிடிப்போடு வரும். அதே பசு அக்டோபரில் எலும்பு தெரிய நிற்கும். தலைக்கு ஆகும் அறுப்புக் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், கிடைக்கும் கறி ஒன்றல்ல. மாடுகளின் எண்ணிக்கையோடு கறி எடையையும் மாதவாரியாகப் போட்டால்தான் ஆலையின் வருமானம் தெரியும்.

இந்தப் பருவச் சிக்கல் நேற்று முளைத்ததல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் வின்டமில் அரசு தொடங்கிய இறைச்சி ஆலை 1919 முதல் 1985 வரை நடந்தது. அது மழையில்லா மாதங்களில் மட்டும் ஓடும் ஆலை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆட்கள் தெற்கேயிருந்து கப்பலில் வந்து வேலை செய்துவிட்டுத் திரும்பினார்கள். அது பணம் கொழித்த தொழில் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாடு வரும் மாதத்தில் ஓடி, வராத மாதத்தில் நிற்கும்படி அமைத்த ஆலைதான் வடபுலத்தில் அறுபது ஆண்டுக்கு மேல் தாங்கியது. வரத்து மதிப்பீடு செய்கிறவர் கட்டட வரைபடத்தின்மேலும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆண்டு முழுவதும் ஓடினால்தான் கடன் அடையும் என்ற அளவில் ஆலையைத் திட்டமிட்டால், மழை அந்தக் கடன் பத்திரத்தைப் படித்துவிட்டா பெய்யும்?

வாங்க வந்த மற்றவர்கள்

கதவு திறந்த நேரம்தான் லிவிங்ஸ்டன் கதையில் என்னை மிகவும் வருத்துவது. 2013-ன் பிற்பகுதியில் இந்தோனேசியா உள்நாட்டு மாட்டிறைச்சி விலை ஏறியதால் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2014-ல் அங்கே போன மாடுகள் மறுபடி 7 லட்சத்தைத் தாண்டின. அதே சமயம் வியட்நாம் புதிதாகச் சந்தைக்கு வந்தது. 2012-ல் சில ஆயிரம் மாடுகளே வாங்கிய நாடு 2014-ல் சுமார் 1,80,000, 2015-ல் 3 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. அதிலும் வியட்நாம் கேட்டது என்ன? போனதும் அறுக்கத்தக்க, எடை கூடிய மாடுகளையும் காளைகளையும். 350 கிலோ வரம்பால் தள்ளப்பட்டு "ஆலைக்குத்தான் போகும்" என்று எண்ணியிருந்த கனத்த மாட்டுக்கு இப்போது கப்பலே வந்துவிட்டது.

தெற்கிலும் காற்று மாறியது. குவீன்ஸ்லாந்து வறட்சியால் 2014, 2015 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியா முழுவதும் தலா சுமார் 90 லட்சம் மாடுகள் அறுபட்டன. மந்தை சுருங்கியது. மழை திரும்பியதும் பண்ணைக்காரர்கள் மந்தையைத் திரும்பப் பெருக்க ஆரம்பித்தார்கள், 2016-ல் அறுப்பு 75 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கிழக்குப் பகுதி இளம் மாடுகளின் விலைக் குறியீடு 2014-ல் கறி எடைக்குக் கிலோ மூன்றரை டாலரை ஒட்டி இருந்தது, 2016 ஆகஸ்டில் 7 டாலரைத் தாண்டியது. இது இளம் மாட்டுக்கான குறியீடு, கிழட்டுப் பசுவுக்கானது அல்ல. ஆனாலும் எல்லா மாட்டின் விலையும் அதன் பின்னால் ஏறியது. மறுபக்கம் 2015 இறுதியிலேயே அமெரிக்காவில் இறக்குமதி அரைவைக் கறியின் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. மாட்டு விலை ஏற, கறி விலை இறங்க, நடுவில் நின்றது ஆலை.

மாட்டுச் சந்தையின் ஒரு குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பொதுவாக ஒரு பொருளுக்கு விலை ஏறினால் வரத்து கூடும். மாட்டில், குறைந்தபட்சம் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு, நேர் எதிர். விலை ஏறுகிறது என்றதும் பண்ணைக்காரர் கிடாரியை விற்காமல் வைத்துக்கொள்வார், கழிக்க நினைத்த பசுவிடமும் இன்னொரு கன்று எடுத்துக்கொள்வோம் என்று நிறுத்திவிடுவார். அவர் செய்வது முற்றிலும் நியாயமான காரியம். பசுக்களையே நம்பிக் கட்டிய ஆலைக்கு அதுதான் முதல் அடி. "கூடுதல் விலை கொடுத்தால் மாடு வந்துவிடும்" என்று எழுதும் அறிக்கையை நான் அந்த வரியோடு மூடிவைத்துவிடுவேன்.

சொந்த மாடு இருந்தும்

ஏஏகோவிடம் சொந்தமாகவே 5 லட்சத்துக்கும் மேல் மாடுகள் இருந்தனவே, பார்க்லியில் புரூனெட் டவுன்ஸ் போன்ற மாபெரும் பண்ணையும் அவர்களுடையதுதானே என்று கேட்கலாம். ஆனால் நிறுவனம் அதற்குள் வாக்யு என்ற ஜப்பானிய இன மாட்டின் கறி போன்ற உயர்விலைக் கறியின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நல்ல மாடு தெற்கே தீவனப்பட்டிகளுக்குப் போகும். அரைவைக் கறிக்கான ஆலைக்குத் தேவைப்படுவது அந்த மாடல்ல. தவிர, சொந்த மாடு என்றாலும் வேறிடத்தில் கூடுதல் விலை கிடைக்கும்போது சொந்த ஆலைக்குக் குறைந்த விலையில் கொடுத்தால் நட்டம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

டார்வின் இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்த ஊர். பிரிட்டனின் வெஸ்டி குடும்பம் 1914-ஐ ஒட்டி வேவ் ஹில் உட்படப் பெரும் பண்ணைகளை வாங்கிப் போட்டு, டார்வினின் புல்லக்கி முனையில் பெரிய இறைச்சி ஆலையைக் கட்டியது. 1917-ல் திறந்து 1920-ல் மூடிவிட்டார்கள். கூலித் தகராறு, கட்டுமானச் செலவு, கப்பல் வசதி என்று காரணங்கள் பல. மாடும் நிலமும் ஆலையும் ஒரே கையில் இருந்தும் மூன்று பருவத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்த இடத்தில் இன்று டார்வின் உயர்நிலைப் பள்ளி நிற்கிறது.

எப்படி அளந்திருக்கலாம்

வசதியில்லாத நாடாக இருந்தால் தரவு இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பண்ணையை விட்டு வெளியேறும் மாட்டுக்கு மின்னணு அடையாளம், பெரும்பாலும் காதுத் தோடு, உண்டு. ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு இடத்துக்கு மாடு நகர்ந்தால் அது தேசியக் கால்நடை அடையாள அமைப்பில் பதிவாக வேண்டும். எந்த வட்டாரத்திலிருந்து எந்த மாதத்தில் எத்தனை மாடு எந்தத் திசையில் போனது என்பது கையிலேயே இருக்கிறது. நான் மதிப்பீட்டைக் கணக்கெடுப்பில் தொடங்க மாட்டேன், இந்த நகர்வுப் பதிவுகளில் தொடங்குவேன். அதுவும் ஒரு ஆண்டுக்கு எடுத்தால் போதாது. தடைக்கு முந்தைய நல்ல ஆண்டுகள், தடை ஆண்டு, வறட்சி ஆண்டு மூன்றும் வேண்டும்.

அப்புறம் விலை. ஒவ்வொரு வகை மாட்டுக்கும் பண்ணை வாசலில் நின்று கணக்குப் போட வேண்டும். இந்தப் பசுவைக் குவீன்ஸ்லாந்துக்கு அனுப்பினால் வாடகையும் எடை இழப்பும் போகக் கையில் என்ன நிற்கும், கப்பலுக்கு விற்றால் என்ன, இன்னும் ஒரு கன்று எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு விற்றால் என்ன. இந்த மூன்றில் எது அதிகமோ அதைவிட ஒரு காசாவது கூடக் கொடுத்தால்தான் மாடு லிவிங்ஸ்டனுக்குத் திரும்பும். அந்த விலையைக் கொடுத்தபின் ஆலைக்கு மிச்சம் இருக்கிறதா? இதைக் கப்பல் விலை தரையில் கிடக்கும் ஆண்டுக்கும், உச்சியில் நிற்கும் ஆண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உச்ச ஆண்டில் வரத்து எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுவே ஆலையின் அடிப்படை அளவு. அதற்கு மேல் வருவதை வைத்துக் கூடுதல் ஷிஃப்ட் ஓட்டலாம், கடன் வாங்கக் கூடாது.

பண்ணைக்காரர்களிடம் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "ஆலை வந்தால் தருவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த மாதம் எத்தனை பசு கழித்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், கப்பல்காரர் கிலோவுக்கு அரை டாலர் கூடக் கொடுத்தால் எங்களுக்கு எத்தனை மாடு மிச்சம் வைப்பீர்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் சுருங்கும். சுருங்கிய அந்த எண்ணை நம்பலாம். எழுத்தில் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது: ஆண்டுக்கு இத்தனை மாடு, சந்தை விலையோடு ஏறி இறங்கும் விலை, மழைக்காலத்தில் கொடுத்தால் இவ்வளவு கூடுதல் என்று. அப்படிக் கையெழுத்துப் போட முன்வரும் பண்ணைகள் ஆலையின் அடிப்படைத் தேவையில் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

2018 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் ஏஏகோவின் நட்டம் 10 கோடி டாலரைத் தாண்டியது. லிவிங்ஸ்டனின் மதிப்பைக் குறைத்து எழுதியது அதில் பெரும் பங்கு. நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது, அதற்கு வேறு தொழில் இருந்தது. ஆலையை நம்பி டார்வினுக்குக் குடிவந்த தொழிலாளர்களுக்கும், பசு விற்கப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது என்று மந்தையைத் திருத்தத் தொடங்கிய பண்ணைக்காரர்களுக்கும் அப்படி ஒரு மாற்று இல்லை. கழித்த பசு மறுபடியும் குவீன்ஸ்லாந்து போகும் லாரியில் ஏறியது.